இடது கால்

நாற்காலிக்கு அடியில் வலது காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

கட்டின்மேல் போட்டிருந்த காலுறை ஈரமாகியிருந்தது. காலையில்தான் மனைவி ரீத்தா கட்டு மாற்றினாள். அதற்குள் கசிந்துவிட்டது.

வாடை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தான். சாம்பிராணிதான் மணத்தது. தன் புண்ணின் வாடை அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

மற்றவர்களுக்கு?

வந்திருக்கவே கூடாது.

அவனாக வரவும் இல்லை. பெரிய வியாழன் பூசைக்கு மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எப்போதும்போல வெளியே பைக்குகள் நிற்கிற இடத்தில்தான் நின்றான். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பாதம் கழுவ வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருவரைக் காணோம் என்று, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஓடிவந்தார். அவர் கண்ணில் பட்டவன் இவன். வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பீடத்துக்கு முன்னால் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

கோயில் நிறைய ஜனம்.

வரிசையாக நீட்டிய கால்கள். எல்லாம் வலது கால்கள். எல்லாம் தேய்த்துக் கழுவிய கால்கள்.

பெண்கள் பக்கத்தில் ரீத்தா பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

அவன் ஒளித்துவைத்த கால், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய கால். சர்க்கரை வியாதியில் மரத்துப்போய், செருப்பில் ஏறிய ஆணி குத்தியதுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, விரல்களை மட்டும் விட்டுவிடும்படி ராத்திரியெல்லாம் கேட்டான். டாக்டரிடம் அல்ல.

விரல்கள் போயின.

யாரிடம் கேட்டானோ, அந்த ஆண்டவரோடு அதன்பிறகு பேச்சு இல்லை.

சாமியார் அடுத்த காலுக்கு முன்னால் முழந்தாளிட்டார். தண்ணீர் தாம்பாளத்தில் விழுகிற சத்தம் கேட்டது. துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். எழுந்தார்.

முத்தமிடுவார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இதில் எப்படி?

எழுந்து போய்விடலாம். ஆனால் நொண்டிக்கொண்டுதான் போக வேண்டும், அத்தனை பேர் பார்க்க.

சட்டென்று இடது காலை முன்னால் நீட்டினான்.

தூணோரம் நின்ற உபதேசியார் கையை ஆட்டினார். வலது, வலது என்று வாயசைத்தார். அவன் பார்க்காததுபோல் இருந்தான். அவர் இரண்டடி முன்னால் வந்து, தன் வலது தொடையைத் தட்டிக் காட்டினார்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் எட்டி, நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

அவன் வலது காலை இன்னும் உள்ளே தள்ளினான்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் திரும்பினாள். மீன் மார்க்கெட்டில் பார்த்த முகம். இந்த வருஷந்தான் பெண்களையும் வரிசையில் சேர்த்திருந்தார்கள். அதற்கே ஊரில் முணுமுணுப்பு. அதனால் அவள் ஆரம்பத்திலிருந்தே அசையாமல், முந்தானையை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அடியில் ஒளிந்திருந்த காலுறையைப் பார்த்தாள்.



நீட்டியிருந்த வலது காலை மெல்ல உள்ளே இழுத்தாள். இடது காலை வெளியே வைத்தாள்.

குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெருவிரல் நகம் செத்துக் கறுத்துப் போயிருந்தது. இத்தனை நேரமும் அதைத்தான் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள் போல.

இப்போது கொசுவத்தைச் சற்றுத் தூக்கியும் விட்டாள். நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல.

அவளுக்கு அடுத்திருந்த பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குழம்பிப்போய் இரண்டு காலையும் சேர்த்து நீட்டினார்.

கோயிலில் சிரிப்பு அவர் பக்கம் போனது.

உபதேசியார் கையைத் தொங்கப்போட்டார்.

சாமியார் அவன் முன்னால் வந்து முழந்தாளிட்டார். நீட்டிய காலைப் பார்த்தார். அடுத்த காலையும் பார்த்தார். இடது காலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது.

அது அவனுக்குத் தெரிந்தது. விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் தெரிந்தது. துண்டின் சொரசொரப்பு தெரிந்தது. முத்தமிட்டபோது சாமியாரின் தாடி உரசியதும் தெரிந்தது.

பிறகு சாமியார் அவளிடம் நகர்ந்தார்.

எல்லாம் முடிந்து மன்றாட்டுகள் தொடங்கின. ஊருக்காகக் கேட்டார்கள். கடலுக்குப் போனவர்களுக்காகக் கேட்டார்கள். கடைசியில், அவரவர் வேண்டுதலைச் சொல்லச் சற்று நேரம் மௌனமாக இருக்கச் சொன்னார் சாமியார்.

கோயில் அடங்கியது.

அவன் அவள் பக்கமாகச் சாய்ந்தான்.

“ஒங்க பேரு என்ன?”

அவள் திடுக்கிட்டு, எதற்குக் கேட்கிறான் என்று பார்த்தாள்.

“வேண்டுதல்ல சொல்லணும்” என்றான். பீடத்தின் பக்கம் கண்ணைக் காட்டினான்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது.

“பிரகாசி” என்றாள்.

அவன் கண்ணை மூடினான். எங்கே விட்டோம், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கோபமும் அப்படியேதான் இருந்தது.

அவள் பெயரிலிருந்து தொடங்கினான்.