பூசணிக்கீரை

"சிலேஷே அப்பா, அங்கேயே நில்லுங்க! குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று வாசலிலேயே மறித்தாள் மனைவி புப்பே.

கசோண்டே சிரித்துக்கொண்டே வாளியை எடுத்தான். கப்வே நகரின் பழைய ஈயச் சுரங்கத்துக் கால்வாயில் விஷச் சேறு அள்ளும் வேலை அவனுக்கு. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுத்துவிடும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, குளிக்காமல் அவன் மகளைத் தொட்டதே இல்லை.

குளித்துவிட்டு வந்து, களியைக் கீரையில் தொட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பக்கத்தில் மூன்று வயது சிலேஷே வாய் நிறைய மென்றுகொண்டிருந்தாள்.

"பூசணிக்கீரை தளதளன்னு இருக்கே. சந்தையில வாங்கினியா?"

"தெருக்கோடியில நான் போட்ட தோட்டம்! ரெண்டு மாசமா அதைத்தானே சாப்பிடுறோம். நீங்க எங்க தட்டைப் பார்த்துச் சாப்பிடுறீங்க?"

"அந்தச் சரளை மண்ணுலயா?"

"புது மண் போட்டேனே. ஒரு லாரிக்காரன், 'நல்ல ஆத்து வண்டல், அக்கா'ன்னு சும்மாவே கொட்டிட்டுப் போனான். கன்னங்கரேல்னு இருந்துச்சு."

கசோண்டேயின் கை நின்றது. "எந்த லாரி?"

"பச்சை லாரி. கதவுல சிங்கம் வரைஞ்சிருக்கும்."

தினமும் அவன் சேற்றை ஏற்றி அனுப்பும் லாரி அது.

மகளின் தட்டை வெடுக்கென்று பிடுங்கினான். சிலேஷே வீறிட்டாள்.

"பிள்ளை ஆசையா சாப்பிடுறப்ப என்னங்க இது?" என்றாள் புப்பே.

அவன் மகளின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றுகொண்டிருந்த கீரையைத் தோண்டி எடுத்தான்.