கொளஞ்சியின் மறதி

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய கையோடு கல்லூரியில் ஒரு விதி வந்தது. உதவித்தொகை வாங்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருவருக்காவது எழுத்தறிவிக்க வேண்டும். தவறினால் தொகை நின்றுவிடும். சொந்தக் காசில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சேவை உணர்ச்சி பிறவியிலேயே ஊறியிருக்கும் போலிருக்கிறது. அவர்களுக்கு அந்த விதி கிடையாது.

உதவித்தொகையில் படித்த பாலகுருவுக்கு மாணவியாக வாய்த்தவள் வைத்திக்குப்பத்து மீன்காரி கொளஞ்சி. ஞாயிறு தவறாமல் சிலேட்டும் பலப்பமுமாகப் போய் உட்கார்ந்தான். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. அவளுக்கு 'அ' கூட வரவில்லை.

"எல்லாம் மறந்து போவுது தம்பி. மண்டை பூரா மீனுதான் இருக்கு."

"நாளைக்கு ஆபீசர் வரார்க்கா! நீ பேரு எழுதலன்னா என் படிப்பே போச்சு!" அவன் அழாத குறையாகக் கெஞ்சினான்.

மறுநாள், ஆண்டுக்கு ஒருவராக மாற்றலாகி வரும் அதிகாரிகளில் இந்த ஆண்டுக்காரர் வந்தார். கொளஞ்சி நாக்கைத் துருத்திக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துத் தன் பெயரை எழுதி முடித்தாள். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பாலகுருவின் முதுகில் தட்டி, உதவித்தொகை தொடரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலகுரு நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியாக்கா? ஒன் கண்ணைத் தொறந்து வுட்டுட்டேன். இனிமே பேப்பர் படிக்கவும் சொல்லித் தரேன்."

"இன்னிக்குப் பேப்பரைக் காலையிலயே படிச்சுட்டேன் தம்பி." கொளஞ்சி சிலேட்டை அழித்தாள். "மொத வருசம் வந்த பொண்ணு நெஜமாவே கத்துக் குடுத்துட்டா. இப்ப குப்பத்துல எழுதத் தெரியாதவங்கன்னு யாருமே இல்ல. ஒங்கள மாதிரி புள்ளைங்க படிப்பு நின்னுடக் கூடாதேன்னு, நான்தான் வருசா வருசம் மறந்துக்குறேன்."