ஒரு பூ குறைவு

“இந்தப் பூவெல்லாம் வாடாதோ, மாமா?” என்று மரியமலர் ஒரு நாள் பங்களாக் குசினியின் அடுப்புச் சுவரைத் தொட்டுக் கேட்டாள். அங்கே பூப் போட்ட ஓடு பதித்துக்கொண்டிருந்த மேசன் தம்பையாவுக்கு வாய் நிறைய வெற்றிலை. பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

இன்றைக்கு அதே சுவரின் முன் நின்றபோது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டு இது ஐந்தாம் நாள். அந்த அதிர்வில், அடுப்புக்கு மேலே அவன் பதித்த தாமரைப் பூ ஓடுகளில் எட்டு கழன்று விழுந்திருந்தன. ஏழு தப்பின, ஒன்று ஐந்து துண்டாகிவிட்டது.

“நாலு மணிக்குப் பங்களாவை நேவியிட்ட ஒப்படைக்க வேணும்,” என்று வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் காலையிலேயே சொல்லிவிட்டார். “சுவர் முந்தி இருந்த மாதிரி இருக்க வேணும். ஒரு பூ குறைஞ்சாலும் உன்ர லொறித் துண்டில கையெழுத்து வைக்கமாட்டன்.”

சனங்களைத் தம்பலகாமத்துக்கு ஏற்றிப் போகிற கடைசி லொறி அது; துண்டு இல்லாமல் அதில் ஏற முடியாது. தம்பையாவின் மனைவி அன்னலட்சுமிக்கு நிறைமாதம்; மருத்துவச்சியும் ஊரைவிட்டுப் போய்விட்டாள். நேற்று வானத்தில் சத்தம் கேட்டபோது, பதுங்குகுழிக்குள் இறங்க முடியாமல் அன்னலட்சுமி வாசலிலேயே இருந்து அழுதாள்.

தம்பையா தாமரைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிப் பார்த்தான். அவற்றோடு கழன்றிருந்த வெள்ளை ஓடுகளை நடுவுக்குக் கொண்டுவந்தான். மூலை மேலே வரத் திருப்பி வைத்தும் பார்த்தான். எப்படி அடுக்கினாலும் கடைசியில் ஒரு சதுரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“மேசன் வேலையோ, கோயில் பூசையோ தம்பையா? பூவைத் தூக்குறாய், வைக்கிறாய்,” என்றாள் மக்டலின். அந்தப் பங்களாவின் சமையல்காரி, மரியமலரின் தாய்.

“பகிடி விடாதீங்கோ அக்கா. ஒரு ஓடு குறையுது. இனிச் சீமையில இருந்து கப்பல் வந்தால்தான் உண்டு.”

“அண்டைக்கு மிஞ்சின ஒண்டு இருந்ததெல்லோ?”

“அது பிள்ளையிட்ட இருக்குது.” அவன் தலை குனிந்தான். “அதைக் கேக்க ஏலாது அக்கா.”

மக்டலின் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே போனாள்.

இரண்டு மணி அடித்தது. உடைந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தான், வெடிப்பு மறையவில்லை. “கோணேசா, அன்னலட்சுமியையாவது காப்பாற்று,” என்று முணுமுணுத்தபடி, தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனான்.

திரும்பி வந்தபோது அடுப்பின் மேல் ஒரு தாமரை ஓடு இருந்தது. அதன் முதுகில் பழைய சாந்து ஒட்டியிருந்தது. மக்டலின் மூச்சு வாங்க வாங்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பிள்ளை…?”

“கேட்டுத்தான் எடுத்தனான். அவள் ஒண்டும் சொல்லேல்லை. நேரம் போகுது, ஒட்டு.”

நாலு மணிக்கு ஓவசியர் பூக்களை எண்ணினார். துண்டில் கையெழுத்து வைத்தார். ஐந்து மணிக்கு அன்னலட்சுமியை ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டது. அது தூசிக்குள் மறையும் வரை அவள் கையை அசைத்துக்கொண்டே போனாள்.

பிறகு தம்பையா, உடைந்த ஐந்து துண்டுகளையும் மிஞ்சிய சாந்தையும் வாளியில் போட்டுக்கொண்டு மாதா கோயில் பக்கமாகத் தனியே நடந்தான். சேமக்காலையில் ஒருவரும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்த சின்னக் கல்லறையில், ‘மரியமலர்’ என்ற பெயருக்கு மேலே சதுரமாய் ஒரு பள்ளம் இருந்தது.

துண்டுகளை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துத் தாமரையாக்கிப் பதித்தான். விரலால் சாந்தைத் துடைத்துவிட்டுக் குனிந்தான்.

“வாடாது, மகள்.”