ஓட்டை சிவக்காது

கட்டவிருக்கும் புதுப் பாலத்தின் வரைபடத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கி, பளு தாங்காத இடத்தைச் சிவப்பாகக் காட்டும் மென்பொருள் அது. நாற்கோணக் கட்டங்களை மட்டுமே ஏற்கும். வளைந்த மூலையில் நாற்கோணம் பொருந்தவில்லை என்று பொறியாளர் பெனிட்டா முக்கோணங்களையும் ஏற்கவைத்தாள். அதுவரை வெறும் ஓட்டையாகத் தெரிந்த மூலை ரத்தமாய்ச் சிவந்தது.

“முக்கோணம்லாம் நமக்கு எதுக்கும்மா? எடுத்துரு,” என்றார் மேலாளர் தாணுமூர்த்தி.

“எடுத்தா அந்த மூலை கணக்குலயே வராது சார். ஓட்டையாத்தான் நிக்கும்.”

“ஓட்டை சிவக்காதுல்லா?”

பெனிட்டா முக்கோணங்களை எடுத்தாள். பொட்டுச் சிவப்பில்லாத படத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

பாலம் திறந்த அன்று, ஊழியர்களை வேனில் ஏற்றி முதல் ஆளாகப் போய்வரச் சொல்லிக் கையசைத்தார் தாணுமூர்த்தி. வேன் பாலத்தில் ஏறும்போது பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அவருடைய கார் மட்டும் பழைய பாலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.