படகுச் சவாரியில் ஒரு பெண் பொம்மை

ஒரு பூங்காவில், குகைக்குள் போய் வரும் படகுச் சவாரி இருந்ததாம். உள்ளே கொள்ளைக்காரப் பொம்மைகள் ஊரைக் கொளுத்திவிட்டு, ஒரு பெண் பொம்மையை விற்பதற்காகக் கயிற்றில் கட்டி வைத்திருந்தன. பாட்டு மட்டும் துள்ளலாக இருக்கும். படகில் வருகிறவர்கள் கைதட்டிக்கொண்டே போவார்கள்.

"ஒருத்தராவது என்னை அவுத்துவிட மாட்டாங்களா, அண்ணே?" என்றது பெண் பொம்மை.

"அட போ புள்ள, அவங்க குடும்பத்தோட சிரிக்க வந்திருக்காங்க" என்றது கொள்ளைக்காரப் பொம்மை.

ஒருநாள் ஒரு சிறுமி வீறிட்டு அழுதாள். "அம்மா, அந்த அக்கா அழுவுது! அவுத்துவிடச் சொல்லு!"

பிள்ளையை அழவைத்துவிட்டார்கள் என்று அம்மா வெளியே போய்ப் பூங்காக்காரர்களிடம் சண்டை போட்டாள்.

மறுநாள் பூங்கா ஆள் ஒருவன் வந்தான். பெண் பொம்மை கட்டிய கைகளை ஆசையாக நீட்டியது. அவன் கயிற்றைத் தொடவே இல்லை. கன்னத்தில் வரைந்திருந்த கண்ணீரை அழித்துவிட்டு, உதட்டில் பெரிய சிரிப்பாக வரைந்துவிட்டுப் போனான்.