அழகேசனுக்கு ஒரு ரெக்கார்டர்

“கம்ப்யூட்டர் வேணாம்ணே. போன்ல பதியறதும் வேணாம். அழுத்தினா பதியணும், மறுபடி அழுத்தினா நிக்கணும். அந்த மாதிரி சிம்பிளா ஒண்ணு காட்டுங்க.”

பெரம்பலூரில் இசைக் கருவிகள் விற்கும் ஜெயப்பிரகாஷ் அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. பெரிய இடத்துக்காரர்களின் அவசரம் என்று நினைத்துக்கொண்டான்.

“யாருக்குங்க?”

“வூட்டுக்காரருக்கு. ஜெயங்கொண்டம் அழகேசன். மாடியில சிந்தசைசர் எல்லாம் வச்சு சின்னதா ஸ்டூடியோ போட்டிருக்காரு. நான் பூங்குழலி.”

அந்தப் பெயர் ஜெயப்பிரகாஷுக்கு மறக்கவே மறக்காது.

ஒரு காலத்தில் அவனும் அழகேசனும் ஒரே இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர்கள். ஒத்திகையில் ஜெயப்பிரகாஷ் வாசித்துக் காட்டிய மெட்டை, அழகேசன் அம்மன் பாட்டாக்கித் தன் பெயரில் வெளியிட்டான். ‘அது என் மெட்டு’ என்று ஜெயப்பிரகாஷ் சொன்னபோது குழுவே சிரித்தது. அழகேசனும் சேர்ந்து சிரித்தான்.

பாட்டு ஓடோ ஓடென்று ஓடியது. ஆடி மாதம் பிறந்தால் உடையார்பாளையத்திலிருந்து பூலாம்பாடி வரை ஒலிபெருக்கிகளில் அதுதான். ஜெயப்பிரகாஷ் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பான்.

“ஏம்மா, அரியலூர்ல கிடைக்கலியா?”

“கிடைக்கும்ணே. உங்க கடையிலதான் வாங்கணும்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”

திருடியது போதாதென்று, குத்திக்காட்ட ஆளும் அனுப்புகிறானா? ஜெயப்பிரகாஷ் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

“புதுப் பாட்டுங்களா?”

“என்னமோ பதியணும்ங்கிறாரு. வாசிக்கிறதோட பேசுறதும் தெளிவா விழணுமாம். திங்கக்கிழமை திருச்சி போறோம், அதுக்குள்ள முடிச்சாகணும்.”

ஏதோ பெரிய ஆடியோ கம்பெனி பாட்டுப் பதியக் கூப்பிட்டிருக்கிறது. ஜெயப்பிரகாஷ் அப்போதே தீர்மானித்துவிட்டான்.

அவள் கண்ணாடி அலமாரியிலிருந்த ஒரு புது ரெக்கார்டரைக் காட்டினாள். நல்ல சாமான். அவன் தலையை ஆட்டினான்.

“அது வேணாம்மா. ஒவ்வொண்ணுக்கும் மெனுவுக்குள்ள போய்ப் போய்த் தேடணும்.”

“அய்யய்யோ, அதெல்லாம் இப்ப அவருக்கு ஆவாதுண்ணே.”

பெரிய மேதை, பொத்தான் அழுத்த ஆள் வேண்டும் போலிருக்கிறது. ஜெயப்பிரகாஷ் உள்ளே போய், கொளஞ்சி என்பவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டரை எடுத்தான். அது அழகாகப் பதியும், உடனே போட்டால் அழகாகக் கேட்கும். மறுநாள் போட்டால் உள்ளே ஒன்றுமே இருக்காது.

அதைத் துடைத்து, புது அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தான். கடைக் கீபோர்டில் ஒயரைச் செருகி வாசித்து, போட்டுக் காட்டினான்.

“சிவப்பு பட்டன் ஒண்ணுதான்மா. குழந்தைகூட அழுத்திரும்.”

“நல்லா இருக்கணும்ணே நீங்க,” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கம்பெனிக்காரர்கள் முன்னால் அழகேசன் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்து விழிப்பதை நினைத்து நினைத்து, ஜெயப்பிரகாஷ் சிரித்தான். அந்த வருஷம் ஆடியில் கடைக்கதவைச் சாத்தவில்லை. ஒலிபெருக்கி அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

ஆடி முடிவதற்குள் பூங்குழலி மறுபடி வந்தாள். பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதுல ஒண்ணுமே கேக்கலைண்ணே. நான்தான் எதையோ மாத்தி அழுத்திட்டேன் போலருக்கு.”

“அடடா. கம்பெனியில போட்டுக் காட்டுறப்ப சாருக்கு அசிங்கமாப் போயிருக்குமே?”

“எந்தக் கம்பெனி?” அவளுக்குப் புரியவில்லை. “அவருக்கு மூளையில கட்டிண்ணே. கொஞ்ச நாளாவே எதுவும் நினைவுல நிக்கலை. அதுக்குத்தான் திருச்சியில ஆபரேஷன். பேச்சும் ஞாபகமும் திரும்புறது கஷ்டம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. இப்ப என்னையே யாரோ மாதிரி பாக்குறாரு.”

ஜெயப்பிரகாஷ் ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“எப்படியாச்சும் எடுத்துக் குடுங்கண்ணே. எனக்காகக் கேக்கலை. உங்களுக்காகத்தான் அவ்வளவு சிரமப்பட்டுப் பதிஞ்சாரு.”

“எனக்கா? என்னம்மா பதிஞ்சாரு?”

பூங்குழலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த அம்மன் பாட்டு உங்களோடதுன்னு.”