புல்வெளியில் வளைந்து நடந்தவள்

“நேத்துதான் இந்த நாட்டுக்கே வந்திருக்கே. வெறும் புல்வெளியில எதுக்கு வளைஞ்சு வளைஞ்சு நடந்தே?” இன்ஸ்பெக்டர் பாஸ்போர்ட்டை மேசைமேல் வீசினார்.

“சுத்திப் பார்க்கத்தான் சார்…” என்றாள் மாணவி.

“ஒரு போட்டோகூட எடுக்கலையே! குண்டு வைக்க இடம் பார்த்தியா?”

“ஐயோ, இல்லை சார்! போருக்கு முன்னால அங்கே தெருவெல்லாம் இருந்துச்சு. அஞ்சு வருஷமா அந்தப் பழைய ஊரோட வரைபடத்தைத்தான் படிக்கிறேன். அந்தத் தெருவுலதான் நடந்தேன்.”

“நல்லா கதை விடுறே. எங்கே, வரை பார்ப்போம்.”

அவள் வரைந்தாள். பாலம், ரொட்டிக்கடை, அதை ஒட்டி ஒரு சந்து.

இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

“அந்தச் சந்துல மூணாவது வீடு?”

“மா… மாடி வீடு சார். எங்க பல்கலைக்கழகத்துல அந்த வீட்டோட பழைய போட்டோ ஒண்ணு இருக்கு. வாசல்ல ஒரு அம்மா, இடுப்புல கைக்குழந்தையோட நிப்பாங்க.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

“எரிஞ்ச வீட்டுல ஒரு படமும் மிஞ்சலை” என்றார். “அதுல எங்கம்மா முகம் தெளிவாத் தெரியுதாம்மா?”